நகராமல் வைத்திருத்தல்

தவளை இறந்து நாலு மணித்தியாலம்.
அதன் தொடைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
குளிர்நீர் சுற்றும் கண்ணாடித் தொட்டிக்குள்
ஒற்றை இழை,
தலைமயிரிலும் சற்றே தடிப்பு.
ஒரு முனை விசையளவியின் கொக்கியில்,
மறுமுனை மோட்டாரின் கையில்.

சுழலத் தெரியாத மோட்டார் இது.
முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் போகும்.
காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள்,
ஒலிபெருக்கிக்கு ஒன்றுவிட்ட உறவு.
அதனால்தான் பெருக்கத்தைக் கூட்டினால்
பாடத் தொடங்கும்.
நேற்றுப் பின்னேரம் கீச்சென்று ஒரே சுருதியில் பாடி
மூன்று இழைகளை அறுத்தது.
ஸஜீனா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு
டச்சு விரிகுடாப் பக்கம் போய்
ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தாள்.

மேசைக்குக் கீழே நாலு மோட்டார் சைக்கிள் டியூப்.
அநுராதபுரச் சந்தியில் வாங்கியது.
அதிர்வைத் தின்னத் தேவை என்றேன்.
கடைக்காரர் சிரித்தார், விலை குறைக்கவில்லை.
அப்படியிருந்தும் இரவு ரயில் வெளிக்கிடும்போது
வரைபில் ஒரு சின்னப் பள்ளம்.
துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
இன்னொன்று.

திருகிகள் மூன்று.
முதலாவது இந்தக் கணத்தின் பிழையைப் பார்க்கும்:
எங்கே நிற்கச் சொன்னார்கள், எங்கே நிற்கிறேன்.
இரண்டாவது பழைய பிழைகளையெல்லாம்
கூட்டிக் கூட்டி வைத்திருக்கும்.
மூன்றாவது வரப்போகும் பிழையை மோப்பம் பிடிக்கும்,
பயந்த சுபாவம்,
கம்பியில் வரும் இரைச்சலுக்கும் திடுக்கிடும்.

நான் இரண்டாவதைத்தான் நம்பியிருந்தேன்.
கணக்கு மறந்துபோகக் கூடாது என்று
பாதிக்கு மேல் திருகி வைத்திருந்தேன்.
ஸஜீனா திரையை விரலால் தொட்டாள்.
"பார், சேர்த்து வச்சது முழுக்க ஒரேயடியா வந்து
இலக்கைத் தாண்டிப் பாயுது.
குறை. கொஞ்சம் மறக்கவும் வேணும்."
பாலம் வருமுன்
பாதையில் ஏறிப் பள்ளிக்கூடம் போன
கிண்ணியாக்காரி.
அதற்கு மேல் அதைப் பற்றி
நாங்கள் கதைக்கவில்லை.
குறைத்தேன்.

பிழையில்தான் பிழைக்கிறது இந்தக் கருவி.
பிழை முற்றாக ஒழிந்த நாளில்
அதற்குச் செய்ய ஒன்றும் இருக்காது.

பதினொன்று நாற்பது.
இழைக்கு மின்துடிப்பு. மோட்டாருக்கு ஒரே கட்டளை:
நகராதே.
இழை இழுத்தது.
கை கொடுக்கவில்லை.
நீளக்கோடு காற்றில்லாத உட்துறைமுகம் போல் கிடக்க
விசைக்கோடு மட்டும் ஏறி ஏறி
ஒரு மேட்டில் போய் நின்றது.
எட்டிப் பார்த்த காவலாளி மயில்வாகனம் கேட்டார்:
"இன்னும் வேலை தொடங்கேல்லையா?"
ஒன்றும் நடக்காமலிருக்க
எத்தனை அம்பியர் போகிறது என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

பிறகு, ஒரு மில்லிசெக்கனுக்குள்
நூற்றில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்தோம்.
கை போனது, நின்றது. தாண்டவில்லை, பாடவில்லை.
விசை பொத்தென்று விழுந்து
பழைய உயரத்துக்கு வழி தேடத் தொடங்கியது.
ஸஜீனா என் தோளில் ஒன்று போட்டாள்.
வலித்தது.

பூட்டிவிட்டு வெளியே வந்தபோது
பஸ் நிலையத்தின் முன்னால், நடுவீதியில்
ஒரு புள்ளிமான்.
வாயில் பொலித்தீன் பையின் நுனி.
ஸஜீனாவை ஏற்ற வந்த ஆட்டோவின் வெளிச்சம்
அதன் கண்ணில்.
அது ஓடவில்லை.
பின்தொடையில் தோலுக்குக் கீழே மட்டும்
ஏதோ ஓடியது.

"நீளம் மாறேல்லை" என்றேன்.
"விசை?" என்றாள்.

ஆட்டோக்காரர் என்ன நினைத்தாரோ,
லைட்டை அணைத்தார்.
இருட்டில்
குளம்புச் சத்தத்துக்காகக் காத்து நின்றோம்.
கேட்கவில்லை.